அணைத்தால் மறக்கும் எண்

பிசிஐ காலத்துக் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றிலும் 256 பைட் அளவுள்ள அமைவுப் பகுதி ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 13ஆம் இடத்தில் இருக்கும் ஒற்றை பைட்டின் பெயர் லேட்டன்சி டைமர். அந்தக் கார்டு தரவுத் தடத்தைக் கையில் எடுத்தபின், வேறொரு கார்டு காத்திருந்தாலும் எவ்வளவு நேரம் விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்த பைட்தான் சொல்கிறது. கணினியை அணைத்து மறுபடி போட்டால் அந்த பைட் பூஜ்யமாகிவிடும். பிறகு பயாஸ் வந்து தன் கணக்குப்படி ஏதோ ஓர் எண்ணை அதில் நிரப்பும். முந்தைய நாள் நாம் யோசித்து, கேட்டுப் பார்த்து, திருத்திப் போட்ட எண்ணுக்கு எந்தத் தடயமும் இருக்காது.

2000களின் தொடக்கத்தில் நான் சென்னையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பாகங்கள் ரிச்சி தெருவில் வாங்குவது, பொருத்துவது வடபழனியில். அந்த 13ஆம் பைட் என் அன்றாட வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. அதை நிலைக்கச் செய்வதற்கு மனிதர்கள் என்னென்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கணினியில் ஓர் அமைவு தானாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறை இயந்திரம் எழும்போதும் யாரோ அதைத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த 'யாரோ' காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார். இந்த வரலாறு முழுவதும் அந்த மாற்றத்தின் வரலாறுதான்.

முதலில் அது மனித விரல். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது, அதன் மதர்போர்டில் எட்டெட்டு சுவிட்சுகள் கொண்ட இரண்டு டிப் சுவிட்ச் தொகுதிகள் இருந்தன. முதல் தொகுதியில் 5, 6ஆம் சுவிட்சுகள் எந்த வகை டிஸ்ப்ளே கார்டு பொருத்தியிருக்கிறது என்று சொல்வதற்கானவை. கறுப்பு வெள்ளையா, வண்ணமா, வண்ணமென்றால் வரிக்கு 40 எழுத்தா, 80 எழுத்தா என்பதை அந்த இரண்டு சுவிட்சுகளின் நிலையை வைத்தே பயாஸ் தெரிந்துகொள்ளும். பேனா முனையால் தள்ளி வைத்தால் போதும். மின்சாரம் நூறு முறை போய் வந்தாலும் சுவிட்ச் வைத்த இடத்திலேயே இருக்கும். கிராபிக்ஸ் அமைவு ஒன்று இவ்வளவு உறுதியாக நிலைத்த காலம் அதற்குப் பிறகு வரவில்லை என்பேன்.

1984இல் வந்த பிசி/ஏடி அந்தப் பொறுப்பை ஒரு பேட்டரியிடம் கொடுத்தது. மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சில்லு அதில் இருந்தது. உள்ளே 64 பைட் நினைவகம். அவற்றில் 14 பைட் கடிகாரத்துக்கே போய்விடும், மிச்சம் 50. கணினியின் மொத்த ஞாபகமும் அந்த 50 பைட்டுக்குள் அடங்கியது. ஹார்ட் டிஸ்க் என்ன வகை, நினைவகம் எவ்வளவு, ஃபிளாப்பி எத்தனை என்பதெல்லாம் அங்கே போயின. ஆனால் அந்த ஏடி மதர்போர்டிலும் ஒரே ஒரு சுவிட்சை விட்டுவைத்திருந்தார்கள்: திரை கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று சொல்லும் சுவிட்ச். பேட்டரி தீர்ந்துபோனாலும் திரை எழுந்தால்தானே எதையும் சரிசெய்ய முடியும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதே காலத்தில் கார்டுகளுக்குத் தனியாக ஜம்பர்கள் இருந்தன. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது, அதன் இன்டரப்ட் எண்ணை ஜம்பரால் கார்டில் வைத்துவிட்டு, அதையே டாஸின் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பிலும் ஒரு வரியாக எழுத வேண்டும். ஏ220, ஐ5, டி1 என்ற வரிசை என் வயதுக்காரர்களுக்கு இன்றும் மனப்பாடம். இரும்பு ஒன்றைச் சொல்லும், கோப்பு அதையே திருப்பிச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் விளையாட்டில் சத்தம் வராது. அமைவை நிலைக்கவைக்கும் வேலை அந்த ஒரு வரியோடு பயனரின் கைக்கு வந்தது. அது எனக்கு மிக முக்கியமான திருப்பமாகப் படுகிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடமில்லை. கோப்பில் இருக்கிறது.

பிறகு பிசிஐ. இன்டெல் அதன் முதல் வரையறையை 1992இல் வெளியிட்டது, 2.0 பதிப்பு 1993இல். ஜம்பர்களை ஒழிப்பது அதன் பெரிய நோக்கங்களில் ஒன்று. கார்டைச் செருகினால் போதும், மென்பொருளே அதைக் கண்டுபிடித்து, முகவரி கொடுத்து, இன்டரப்ட் கொடுத்து உட்காரவைக்கும். இதற்காகத்தான் 256 பைட் அமைவுப் பகுதி. இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. நேற்று இருந்த கார்டு இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்று என்ன நிச்சயம்? ஆகவே ஒவ்வொரு முறையும் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும் என்று வைத்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் பயாஸ் அறிவோடு நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய முடிவு அது.

லேட்டன்சி டைமர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெருக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முறை வந்ததும் குடத்தை வைக்கிறார். பின்னால் யாரும் இல்லாவிட்டால் எத்தனை குடம் வேண்டுமானாலும் பிடிக்கலாம். யாராவது வந்து நின்றுவிட்டால், இத்தனை குடத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஒரு கணக்கு. டைமர் அந்தக் குடக் கணக்கு. கார்டு தடத்தைப் பிடித்ததும் எண் இறங்கத் தொடங்கும். பூஜ்யத்தை எட்டிய பிறகு, வேறொருவருக்குத் தடம் ஒதுக்கப்பட்டிருந்தால் உடனே விட்டுவிட வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் தொடரலாம்.

எண் இறங்குவது பிசிஐ கடிகாரத்தின் துடிப்புக் கணக்கில். 33 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்பு 30 நானோவிநாடி. ஒரு துடிப்புக்கு 4 பைட் போகும். அப்படித்தான் அந்தத் தடத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 133 மெகாபைட் என்று கணக்கிட்டார்கள். 32 என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு மைக்ரோவிநாடி. 248 என்று வைத்தால் 7.4 மைக்ரோவிநாடி. ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம்தான்; ஆனால் கடைசி மூன்று பிட்டுகளைக் கார்டு செய்பவர்கள் நிரந்தரமாகப் பூஜ்யமாக வைக்கலாம் என்று வரையறை அனுமதித்தது. அதனால் பல கார்டுகளில் எட்டின் மடங்குகள் மட்டுமே நிற்கும். 255 எழுதினால் திரும்பப் படிக்கும்போது 248 வரும்.

எத்தனை நேரம் தேவை என்பதைக் கார்டே சொல்வதற்கும் இரண்டு பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஒருமுறை தடம் கிடைத்தால் எவ்வளவு நேரம் வேண்டும், எவ்வளவு அடிக்கடி வேண்டும் என்று கால் மைக்ரோவிநாடி அலகில் கார்டு செய்பவர் அங்கே எழுதிவைப்பார். எல்லாக் கார்டுகளின் கோரிக்கையையும் படித்து, நியாயமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றின் 13ஆம் பைட்டையும் பயாஸ் நிரப்ப வேண்டும் என்பது கருத்து. அழகான கருத்து. நான் கையாண்ட மதர்போர்டுகளில் பெரும்பாலானவை அப்படி எதுவும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. பயாஸ் திரையில் 'பிசிஐ லேட்டன்சி டைமர்' என்று ஒரே ஒரு வரி. 32 அல்லது 64. எல்லாக் கார்டுக்கும் அதுவே.

சில கிராபிக்ஸ் கார்டுகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை 248 என்ற எண்ணோடு நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நீளமாகத் தரவு இழுத்தால் படம் வேகமாக வரும், பத்திரிகைகளின் வேகச் சோதனையில் நல்ல எண் கிடைக்கும். பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் சவுண்ட் கார்டைப் பற்றி அந்தச் சோதனையில் யாரும் கேட்பதில்லை.

சவுண்ட் கார்டோ காத்திருக்க முடியாத சாதனம். 48 கிலோஹெர்ட்ஸில் 20.8 மைக்ரோவிநாடிக்கு ஒரு சாம்பிள் போயே ஆக வேண்டும். கார்டுக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பு சிறியது. கிராபிக்ஸ், டிஸ்க், நெட்வொர்க் என்று மூன்று சாதனங்கள் அடுத்தடுத்து 248 துடிப்பையும் முழுதாக எடுத்துக்கொண்டால் 22 மைக்ரோவிநாடி போய்விடுகிறது. பல ஒலித் தடங்களை ஒன்றாகப் பதிவு செய்யும்போது இது காதில் விழும். சினிமாப் பாட்டில் தாள வாத்தியங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெடிப்பு மறைந்துவிடும். கர்நாடகக் கச்சேரிப் பதிவில் மறையாது. பின்னால் தம்புரா இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நீண்ட ஸ்ருதியில் ஒரு சாம்பிள் தவறினாலும் 'டிக்' என்று கேட்கும். ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது அது விழுந்தால் பாடியவர் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தச் சின்ன எண்ணைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்படுவதற்கு அந்த முகங்கள்தான் காரணம்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும். நான் பேசும் காலத்தில் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் ஏஜிபி ஸ்லாட்டில் இருந்தது; அதற்குத் தனி வழி. ஆனால் மென்பொருளின் கண்ணுக்கு அதுவும் ஒரு பிசிஐ சாதனமே. 1ஆம் எண் தடத்தில் (பஸ்), 01:00.0 என்ற முகவரியில் நிற்கும், அதற்கும் அதே 13ஆம் பைட் உண்டு. அந்த எண்ணைக் குறைத்ததும் சில போர்டுகளில் வெடிப்பு சட்டென்று நின்றது. சிலவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. சிப்செட்டைப் பொறுத்தது. கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிப்செட் என்றதும் 2001ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. வியா நிறுவனத்தின் 686பி என்ற தென்பாலச் (சவுத்பிரிட்ஜ்) சில்லு கொண்ட போர்டுகளில், டிஸ்க்கில் வேகமாகத் தரவு போய்க்கொண்டிருக்கும்போது தரவே கெட்டுப்போவதாக உலகம் முழுவதும் பேச்சாக இருந்தது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டோடு சேரும்போது அதிகம் என்றார்கள். ஜார்ஜ் இ. பிரீஸ் என்பவர் விண்டோஸுக்கு ஒரு திருத்தம் எழுதினார். சிப்செட்டின் ஒரு பைட்டில் இரண்டு பிட்டுகளை மாற்றி, தடம் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் முன்னுரிமை சுழன்று அடுத்தவருக்குப் போகும்படி செய்வது அதன் மையம். அதைப் பார்த்து லினக்ஸ் கர்னலிலும் அதே திருத்தத்தை எழுதினார்கள்; பிரீஸின் பெயரையும் அங்கே குறித்துவைத்தார்கள். அந்தப் பகுதியில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு குறிப்பு: கணினி தூக்கத்திலிருந்து எழும்போதும் இதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அணைத்துப் போடுவது மட்டுமல்ல, தூங்கி எழுவதும் மறதிதான் என்று அந்த நிரலர்களுக்குத் தெரிந்திருந்தது. திருத்தம் கர்னலுக்குள்ளேயே போய்விட்டதால், வியா போர்டு வைத்திருந்தவர்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டின் லேட்டன்சி டைமருக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை. அதில் தவறான எண் என்று ஒன்று இல்லை. ஒருவருக்கு 248 வேண்டும், இன்னொருவருக்கு 32. யாருக்கு எது வேண்டும் என்று கர்னலுக்குத் தெரியாது. சாதனம் தடத்தை எடுக்க அனுமதி கொடுக்கும்போது, எண் 16க்குக் கீழே இருந்தால் 64 ஆக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

ஆகவே கருவி வேண்டியிருந்தது. விண்டோஸில் பவர்ஸ்ட்ரிப் என்ற மென்பொருளைப் பலரும் வைத்திருந்தார்கள். தொடங்கும்போதே ஓடவிட்டால் அது எண்ணைத் திரும்பப் போடும். லினக்ஸில் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் மரேஷ் எழுதிய பிசிஐயூட்டில்ஸ் தொகுப்பு இருந்தது. அதில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை எல்லாக் கார்டுகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் லேட்டன்சி எண்ணையும் காட்டும். செட்பிசிஐ என்ற கட்டளை எழுதும். எந்தக் கார்டு, எந்த பைட், என்ன எண். மூன்று சொற்களில் முடிந்துவிடும். இவ்வளவு சிறியதும் இவ்வளவு நேரடியானதுமான கருவியை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செட்பிசிஐ எண்களைப் பதினாறடிமானத்தில் வாங்கும். 64 வேண்டுமென்றால் 40 என்று எழுத வேண்டும். 64 என்று எழுதினால் அது 100. அக்காலத்தில் பரவலாக இருந்த ஒரு வழக்கம், முதலில் எல்லாச் சாதனங்களையும் பி0, அதாவது 176க்குக் கொண்டுவருவது. பிறகு சவுண்ட் கார்டுக்கு எஃப்எஃப், கிராபிக்ஸ் கார்டுக்குக் குறைவாக. என் வழக்கம் அதைவிடச் சிக்கனமானது: கிராபிக்ஸ் கார்டை 20க்கோ 40க்கோ இறக்கிவிட்டு முதலில் கேட்பேன். அதிலேயே சரியாகிவிட்டால் மற்றவற்றைத் தொட மாட்டேன்.

இப்போதுதான் நிலைக்கவைக்கும் பிரச்சினை. எண்ணை மாற்றினோம், வெடிப்பு நின்றது, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை தொலைபேசி வரும். ஒரு கூடத்தின் மூத்த ஒலிப்பதிவாளரோடு நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தம்பி, நேத்து சாயங்காலம் சுத்தமா இருந்துச்சு. இன்னிக்குத் திரும்ப டிக்கு டிக்குங்குதே."

"சார், நடுவுல கரண்ட் போச்சா?"

"விடியக்காலையில ஒரு தடவை போச்சு. யூபிஎஸ் தாங்கல."

"அப்ப அதான் சார். மெஷின் மறந்துடுச்சு. வந்து எழுதி வச்சிடுறேன்."

எழுதி வைப்பது என்று நான் சொன்னது ஆர்சி.லோக்கல் கோப்பில். லினக்ஸ் எழும்போது எல்லாச் சேவைகளும் தொடங்கிய பிறகு, கடைசியாக இந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக ஓட்டும். அதில் செட்பிசிஐ வரியைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு காலையும் அந்த வரி நம் சார்பில் எண்ணைத் திரும்பச் சொல்லும்.

இந்த வழக்கம் நாற்பது ஆண்டுப் பழையது அப்போதே. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் கணினி அமைப்பில், 1960களின் முற்பாதியில், லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் கோப்பில் எழுதிய கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ரன்காம் என்ற நிரலை எழுதினார். அந்த எண்ணம் யூனிக்ஸுக்கு வந்தது. தொடங்கும்போது ஓடும் ஆர்சி கோப்பு அங்கே பிறந்தது. பெர்க்லியின் யூனிக்ஸில் அது இரண்டாகப் பிரிந்தது. ஆர்சி என்பது அமைப்பை உருவாக்கியவர்களுடையது. ஆர்சி.லோக்கல் அந்த இயந்திரத்தை வைத்திருப்பவருடையது. இந்த இயந்திரத்துக்கு மட்டும் உரியதை இங்கே எழுதிக்கொள் என்று ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மற்ற அமைவுகள் மெல்ல மெல்லத் தமக்கென்று வீடு கட்டிக்கொண்டு அந்தக் கோப்பைவிட்டு வெளியேறின. டிஸ்க்கில் டிஎம்ஏவை இயக்கும் எச்டிபார்ம் வரி எல்லோருடைய ஆர்சி.லோக்கலிலும் இருந்தது, பிறகு டெபியன் அதற்கென எச்டிபார்ம்.கான்ஃப் என்ற கோப்பைக் கொடுத்தது. கர்னல் அமைவுகளுக்கு சிஸ்சிடிஎல்.கான்ஃப் வந்தது. ஒலியளவு அமைவுகளுக்குச் செக் நாட்டவரான யாரொஸ்லாவ் கிசெலா தொடங்கிய ஆல்சா திட்டம் நேர்த்தியான வழி செய்தது: அணைக்கும்போது ஆல்சாசிடிஎல் எல்லா அளவுகளையும் கோப்பில் எழுதிவைக்கும், எழும்போது திரும்ப வைக்கும். பயனர் எதுவும் செய்ய வேண்டாம். லேட்டன்சி டைமருக்கு மட்டும் நான் பயன்படுத்திய எந்த வெளியீட்டிலும் அப்படி ஒரு வீடு அமையவில்லை. ஜென்டூவில் லோக்கல்.ஸ்டார்ட் என்று கோப்பின் பெயர் வேறு; ஆனால் அதுவும் கையால் எழுதும் பக்கம்தான். அந்த எண் கடைசிவரை மனிதர்கள் எழுதிய வரியிலேயே வாழ்ந்தது.

அதனால் ஒரு நன்மை விளைந்தது. அந்தக் கோப்புகள் இயந்திரத்தின் குறிப்பேடுகளாயின. பழைய சிஸ்டம் ஒன்றைப் பராமரிக்கக் கொடுத்தால் நான் முதலில் திறப்பது ஆர்சி.லோக்கலைத்தான். எனக்கு முன் யார் வேலை செய்தார், அவருக்கு என்ன தொல்லை இருந்தது என்பது அங்கே தெரியும். ஒரு கோப்பில் செட்பிசிஐ வரிக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக, "சவுண்டு வெடிக்குது, இந்த லைனை எடுக்காதே" என்று இருந்தது. பெயர் இல்லை. அவர் தந்த எண் 20. அந்தக் கார்டுக்கு நான் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கக்கூடிய எண்ணும் அதுவே. முகம் தெரியாத அந்த மனிதரின் காதை நான் அன்றே நம்பிவிட்டேன்.

வரியை எழுதுவதிலும் ஒரு தொழில் நேர்த்தி உண்டு. 01:00.0 என்று முகவரியைக் கொடுத்து எழுதுவது சுலபம். ஆனால் இன்னொரு பாலம் கொண்ட கார்டைச் செருகினால் பஸ் எண்கள் நகர்ந்துவிடலாம். அப்போது நம் வரி வேறு யாருக்கோ எண்ணை எழுதிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் கொடுத்து எழுதினால் கார்டு எங்கே போனாலும் வரி அதைத் தேடிப் போகும். கூடவே, திரையின் எக்ஸ் சர்வர் எழுந்த பிறகு எல்எஸ்பிசிஐயை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்; டிரைவர் தன் பங்குக்கு எதையாவது மாற்றியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். லேப்டாப் என்றால் தூங்கி எழுந்த பிறகும் பார்க்க வேண்டும். தூக்கத்தில் கார்டுக்கு மின்சாரம் போய்விடும். கர்னல் அமைவுப் பகுதியின் முதல் 64 பைட்டைச் சேமித்துத் திரும்ப வைக்கும் ஏற்பாடு உண்டு என்றாலும், டிரைவர் அதைச் சரியாக அழைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எழும்போது ஓடும் பட்டியலிலும் அதே வரியைச் சேர்ப்போம்.

இந்த நேர்த்திகளெல்லாம் ஒலி வேலை செய்பவர்களிடையே வாய்வழியாகப் பரவின. பால் டேவிஸ் எழுதிய ஜாக் ஒலிச் சேவையகம், தவறிய இடங்களை எக்ஸ்ரன் என்று திரையில் எண்ணிக் காட்டத் தொடங்கியபின், காதில் விழாத தவறும் கண்ணில் பட்டது. ஸ்டான்ஃபோர்டின் கம்ப்யூட்டர் இசை மையத்திலிருந்து ஃபெர்னாண்டோ லோபஸ்-லெஸ்கானோ தொகுத்து வெளியிட்ட பிளானெட் சிசிஆர்எம்ஏ, தாமதம் குறைந்த கர்னலையும் இசைக் கருவிகளையும் ஒன்றாகக் கட்டி எங்களைப் போன்றவர்களின் கையில் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் இசை ஆய்வாளர்கள் சந்தித்த தொல்லையும் வடபழனியில் நாங்கள் சந்தித்த தொல்லையும் ஒன்றே. அவர்கள் செய்த வேலையின் பலன் தம்புராவின் ஸ்ருதிக்கும் வந்து சேர்ந்தது.

முடிவு வேகமாக வந்தது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டுகள் கடைக்கு வந்தன. அதில் பொதுத் தடமே இல்லை. ஒவ்வொரு கார்டுக்கும் தனி இணைப்பு. பழைய மென்பொருள் குழம்பக் கூடாது என்பதற்காக 13ஆம் பைட்டை அதே இடத்தில் விட்டுவைத்து, அதை நிரந்தரமாகப் பூஜ்யமாக்கினார்கள். செட்பிசிஐ எழுதும்; கார்டு ஏற்காது. பழைய ஆர்சி.லோக்கலைப் புது இயந்திரத்துக்கு அப்படியே நகலெடுத்தவர்களின் கோப்பில் அந்த வரி இன்னும் ஒவ்வொரு காலையும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

2010இல், லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அறிமுகமானது. 2011இல் ஃபெடோரா அதற்கு மாறியது, 2015இல் டெபியனும் உபுண்டுவும். இன்றைய பல வெளியீடுகளில் ஆர்சி.லோக்கல் நிறுவும்போதே வருவதில்லை. நாமே உருவாக்கி, இயங்கும் உரிமை கொடுத்தால்தான் ஓடும். ஒவ்வொரு வேலைக்கும் தனி யூனிட் கோப்பு எழுத வேண்டும். இல்லாவிட்டால் கார்டு தோன்றும்போதே ஓடும்படி யூடெவ் விதி. வரிசை, சார்பு, தோல்வி எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லலாம் என்பதால் இது மேலான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இயந்திரத்தின் எல்லாச் சொந்த விஷயங்களும் ஒரே பக்கத்தில் இருந்த வசதி போய்விட்டது. இப்போது பத்துக் கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டின் மறதி மட்டும் போகவில்லை. இன்றைய என்விடியா கார்டில் மின்சார உச்சவரம்பை 300 வாட்டிலிருந்து 220க்குக் குறைத்து வைத்தால், அணைத்துப் போட்டதும் பழையபடி 300தான். பர்ஸிஸ்டென்ஸ் மோடு என்ற அமைவு டிரைவரை விழித்திருக்கவைக்குமே தவிர, மறுதொடக்கத்தைத் தாண்டி எதையும் சுமக்காது. வீட்டில் மாடல் பயிற்சி செய்யும் இளைஞர்கள் என்னிடம் இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறிய யூனிட் கோப்பு எழுதிக் கொடுக்கிறேன். கட்டளை ஒரு வரி. அதற்கு மேலே குறிப்பாக நான்கு வரி: தேதி, கார்டின் மாடல், முதலில் இருந்த எண், எதற்காக மாற்றினோம் என்பது.